கீரியும் பாம்பும் சந்திக்காத தீவு

சின்ன வயதில் வாரச் சந்தை கலைகிற நேரத்துக்கு எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே வித்தைக்காரர் ஒருவர் கூட்டம் சேர்ப்பார். மூடிய கூடையில் பாம்பு, பக்கத்தில் முளைக்குச்சியில் கட்டிய கீரி. "இப்ப கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப் போறேன், யாரும் எடத்தை விட்டு நகரக் கூடாது" என்று ஆரம்பிப்பார். அப்புறம் தாயத்து வரும், மோதிரம் வரும், துணியில் காசு விழும், இருட்டிவிடும். சண்டையை மட்டும் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இருந்தாலும் கீரி என்றதும் நமக்குப் பாம்புதான் நினைவுக்கு வருகிறது. தொட்டில் பிள்ளையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றிய கீரியை, அதன் வாயில் இருந்த ரத்தத்தைப் பார்த்துத் தவறாக நினைத்து அடித்துக் கொன்ற தாயின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாம்பு தொல்லையா, கீரியை விடு. எவ்வளவு எளிதான தீர்வு! இதை நம்பி ஒரு தீவில் நிஜமாகவே கீரியைக் கொண்டுபோய் விட்டார்கள். விட்டதற்கு ஒரு நாள் போதும். திரும்ப எடுக்க ஏறக்குறைய முப்பது வருடம் ஆனது.

அமாமி ஓஷிமா என்று பெயர். ஜப்பானின் தெற்கில், கியூஷூவுக்கும் ஒகினாவாவுக்கும் நடுவே கடலில் இருக்கிறது. பரப்பு 712 சதுர கிலோமீட்டர், அதாவது சென்னை மாநகராட்சியைப் போல ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் கூடுதல், பெரும்பகுதி மலையும் அடர்ந்த காடும்தான், மக்கள் சுமார் 60 ஆயிரம் பேர். 1979இல் அங்கே 30 கீரிகளை அவிழ்த்துவிட்டார்கள். 2000 வாக்கில் அவை 10 ஆயிரம் அளவுக்குப் பெருகியிருந்தன. 2024 செப்டம்பர் 3ஆம் தேதி, தீவில் இனி ஒரு கீரியும் இல்லை என்று ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. இடையில் பிடிபட்ட கீரிகள் 32 ஆயிரத்துக்கும் மேல். இவ்வளவு பெரிய நிலப்பரப்பில் ஊன்றிப் பரவிவிட்ட கீரியை ஒன்றுவிடாமல் அகற்றிய வேலை உலகில் வேறெங்கும் இந்த அளவுக்கு நடந்ததில்லை. நம் ஊரில் இந்தச் செய்தி பெரிதாகப் பேசப்படவே இல்லை. அந்தக் கீரியின் பூர்வீகம் இந்தியா என்பதாலாவது பேசியிருக்கலாம்.

இது நம் வயல் வரப்பில் குறுக்கே ஓடுகிற சாம்பல் கீரி அல்ல, அதன் சின்ன உறவுக்காரன். வட இந்தியாவிலும் வங்காளத்துப் பக்கமும் இருப்பது, அரைக் கிலோ எடை வந்தாலே பெரிது. இதைக் கப்பலேற்றிய கதை 1872இல் தொடங்குகிறது. ஜமைக்காவில் எஸ்பியூட் என்ற கரும்புத் தோட்ட முதலாளிக்கு எலித் தொல்லை தாங்கவில்லை, இந்தியாவிலிருந்து ஒன்பது கீரிகளை வரவழைத்துத் தோட்டத்தில் விட்டார். முதல் சில ஆண்டுகள் எலி குறைந்துவிட்டது என்று ஒரே கொண்டாட்டம். பக்கத்துத் தீவுக்காரர்கள் எல்லாம் குட்டி கேட்டு வாங்கிப் போனார்கள். 1883இல் ஜமைக்காவிலிருந்து 72 கீரிகள் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

ஆனால் கீரி பகலில் திரிகிற பிராணி, எலி இரவில் திரிவது. போதாக்குறைக்கு எலிக்கு மரமேறத் தெரியும், இந்தக் கீரி பெரும்பாலும் தரையிலேயே இரை தேடும். எலி கொஞ்சம் மாட்டியது உண்மைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட எளிதாகக் கிடைத்தவை தரையில் முட்டையிடும் பறவைகளும் ஓணான்களும் ஆமை முட்டைகளும். ஜமைக்காவின் பெரிய இகுவானா 1940களில் அழிந்தே போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தார்கள். 1990இல் பன்றி வேட்டைக்குப் போன ஒருவரின் நாய் உயிரோடு ஒன்றைப் பிடித்துக் காட்டிய பிறகுதான் ஹெல்ஷயர் குன்றுகளில் கொஞ்சம் மிச்சமிருப்பது தெரிந்தது. ஹவாயின் நேனே வாத்து இன்றைக்கும் முட்டையைக் கீரியிடமிருந்து காப்பாற்றப் போராடிக்கொண்டிருக்கிறது.

இத்தனையும் நடந்த பிறகுதான், 1910இல், ஷோசபுரோ வதாசே என்ற டோக்கியோ பேராசிரியர் கங்கைச் சமவெளியின் கழிமுகப் பகுதியிலிருந்து கீரிகளைக் கொண்டுபோய் ஒகினாவாவில் விட்டார். அவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் அல்ல, பெரிய விலங்கியலாளர். வடக்கே இருக்கும் ஜப்பானிய விலங்குகளுக்கும் தெற்குத் தீவுகளின் விலங்குகளுக்கும் நடுவே வரைபடத்தில் போடப்படும் எல்லைக்கோடு இன்றும் அவர் பெயரில்தான் வதாசே கோடு என்று வழங்குகிறது. அந்தத் தீவுகளின் உயிரினங்கள் தனித்தன்மை உள்ளவை என்று அறிந்தவரே இதைச் செய்தார் என்பது எனக்கு இன்றுவரை நெஞ்சை உறுத்துகிற விஷயம். அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஒகினாவா, அமாமி இரண்டிலும் ஹபு என்ற பாம்பு உண்டு. நம் விரியன் குடும்பம், குழிவிரியன் வகை, இரண்டு மீட்டர் வரைக்கும் வளரும். கரும்புக் காட்டில் வேலை செய்கிறவர்களைக் கடித்து, உயிரையும் கைகால்களையும் வாங்கிக்கொண்டிருந்தது. மாற்று மருந்து எளிதில் கிடைக்காத காலம். ஊர் மக்களுக்கு ஏதாவது வழி காட்ட வேண்டும் என்று ஒரு அறிஞர் நினைத்ததைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் ஹபு இரவில் வெளியே வரும் பாம்பு. கீரி பகலில். ஜமைக்காவில் எலிக்கும் கீரிக்கும் இடையே நடந்த அதே கதைதான். ஒகினாவாவில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கூண்டுக்குள் ஹபுவையும் கீரியையும் சண்டை விட்டுக் காட்டினார்கள் ஒரு காலத்தில். கூண்டுக்குள் கீரி ஜெயிக்கும், சரி. காட்டில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே அரிது. 69 வருடம் கழித்து, அந்த ஒகினாவாக் கீரிகளின் வாரிசுகளில் முப்பதைத்தான் அமாமியின் நாஸே நகருக்குப் பக்கத்தில் விட்டார்கள்.

அமாமியில் ஏன் சேதம் இவ்வளவு பெரிதானது என்பதற்கு அந்தத் தீவின் பழைய கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கண்டத்திலிருந்து பிரிந்து பத்து லட்சம் வருடங்களுக்கு மேலாகத் தனியாகக் கிடக்கும் நிலம் அது. நரி கிடையாது, மரநாய் கிடையாது, பூனைக் குடும்பத்தில் எதுவும் கிடையாது. ஊன் தின்னும் பாலூட்டியே இல்லாத காட்டில் உச்சத்தில் இருந்தது ஹபுதான். அதனால் அங்கே வளர்ந்த பிராணிகள் பாம்புக்குப் பயப்படக் கற்றவை, மோப்பம் பிடித்துத் துரத்தி வரும் நாலுகால் பிராணிக்குப் பயப்படக் கற்காதவை. பாம்பு ஒரு இடத்தில் பதுங்கிக் காத்திருக்கும். ஒரு தாவு தாவி விலகினால் பிழைத்துக்கொள்ளலாம். கீரி அப்படி இல்லை, வளைக்குள்ளேயும் புதருக்குள்ளேயும் மூக்கை நுழைத்துத் தேடிக்கொண்டே வரும், தாவினால் பின்னாலேயே ஓடி வரும்.

அமாமி முயலை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புக்குக் கிட்டே போகிற பழுப்பு, குட்டைக் காது, குட்டைக் கால், நமக்குத் தெரிந்த எந்த முயல் மாதிரியும் இருக்காது. அமாமியிலும் பக்கத்துத் தொகுனோஷிமாவிலும் தவிர உலகில் எங்கேயும் இல்லை, அதன் நெருங்கிய சொந்தங்களெல்லாம் ஆசியப் பெருநிலத்தில் எப்போதோ மறைந்துவிட்டன. இதன் தாய் குட்டி போடுவதற்கென்று தனியாக ஒரு வளை தோண்டும். பெரும்பாலும் ஒரே குட்டி. பால் கொடுத்துவிட்டு வெளியே வந்து, வளை வாயை மண்ணால் மூடி, தட்டித் தட்டிச் சமப்படுத்திவிட்டுப் போய்விடும். இரண்டு நாளைக்கு ஒரு முறை இரவில் வந்து மண்ணைத் தோண்டித் திறந்து, பால் கொடுத்து, மறுபடி மூடும். ஹபு உள்ளே நுழையாமல் இருக்கத்தான் இந்தப் பாடு என்று சொல்கிறார்கள். பாம்புக்கு அந்த மண் கதவு போதும். மண்ணைத் தோண்டத் தெரிந்த ஒரு மூக்குக்கு?

முயல் மட்டுமல்ல. அமாமி முள்ளெலி என்று ஒன்று, முள் போன்ற ரோமம் கொண்ட எலி, ஆணுக்கும் ஒய் குரோமோசோம் இல்லாத அபூர்வமான பிராணி, ஆண் எப்படி ஆணாகிறது என்பதை உலகம் முழுக்க மரபியலாளர்கள் இதை வைத்து ஆராய்கிறார்கள். பாசி படிந்த பாறை மாதிரி பச்சைப் புள்ளிகளோடு இஷிகாவா தவளை. தரையில் கூடு கட்டும் அமாமி உள்ளான். நீண்ட ரோமம் கொண்ட பெரிய மர எலி. இவற்றில் பலவற்றுக்கு இதைவிட்டால் வேறு வீடு கிடையாது, இன்னொரு தீவிலிருந்து கொண்டுவந்து விடுவோம் என்ற பேச்சுக்கே இடமில்லை. (அமாமி முயலின் பெயரை வாதிகள் பட்டியலில் எழுதி 1995இல் ஒரு கோல்ஃப் மைதானத் திட்டத்துக்கு எதிராக வழக்கே போட்டார்கள் உள்ளூர்க்காரர்கள். முயல் வழக்காட முடியாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆனால் அந்த ஊர் மக்களுக்கு இந்த முயல் மேல் எவ்வளவு உரிமை இருக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி.)

பிடிபட்ட கீரிகளின் வயிற்றையும் எச்சத்தையும் பிரித்துப் பார்த்தபோது உண்மை வெளியே வந்தது. முயலின் ரோமம், எலி, தவளை, பறவை, பூச்சி எல்லாம் இருந்தன. ஹபு கிட்டத்தட்ட இல்லை. கீரியை முதலில் விட்ட நாஸே பக்கத்துக் காடுகளில் முயலும் முள்ளெலியும் பெரிய தவளைகளும் காணாமல் போயிருந்தன, அங்கிருந்து தள்ளிப் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தென்பட்டன. கீரி எதுவரை போயிருக்கிறது என்பதை எதுவரை காடு அமைதியாகிவிட்டது என்பதை வைத்தே சொல்லிவிடலாம்.

1993இல் உள்ளூர் நகராட்சிகள் பிடிக்கத் தொடங்கின, 2000இல் ஜப்பான் அரசின் சுற்றுச்சூழல் துறை முழு வேகத்தில் இறங்கியது. முதலில் எல்லோருக்கும் தோன்றுகிற வழியைத்தான் பின்பற்றினார்கள், ஒரு கீரிக்கு இவ்வளவு சன்மானம் என்று அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கில் கீரி வந்து குவிந்தது. இங்கேதான் ஒரு சிக்கல். கீரி நிறைய இருக்கும்போது பொறி வைக்கிறவருக்கு நல்ல கூலி கட்டும். பாதியாகக் குறைந்ததும் அதே அலைச்சலுக்குப் பாதிக் காசு. கால்வாசி ஆனதும் யார் மலையேறுவார்? பாதையோரத்தில், எளிதாகப் போய்வரும் இடத்தில் மட்டும் பொறி வைப்பார்கள், உள்காட்டில் மிஞ்சியது அடுத்த இரண்டு வருடத்தில் மறுபடி பெருகிவிடும். எண்ணிக்கைக்குச் சன்மானம் கொடுத்தால் கீரி குறையும், தீராது. கீரி தீர்ந்தால் சன்மானமும் தீர்ந்துவிடுமே.

2005இல் ஜப்பானில் வெளியிலிருந்து வரும் உயிரினங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே வருடம் மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுத்து ஒரு குழுவை அமைத்தார்கள், அமாமி மங்கூஸ் பஸ்டர்ஸ். பின்னாளில் நாற்பது பேர் அளவுக்கு வளர்ந்த குழு. என்னைக் கேட்டால் இந்த வேலையின் போக்கையே மாற்றியது இந்த ஒரு முடிவுதான். இவர்களுக்குக் கீரி கிடைத்தாலும் சம்பளம், கிடைக்காவிட்டாலும் சம்பளம். இன்றைக்கு ஒன்றுமே மாட்டவில்லை என்பது இவர்களுக்குத் தோல்வி அல்ல, குறித்துக்கொள்ள வேண்டிய ஒரு தகவல்.

தீவு முழுக்க ஏறக்குறைய 30 ஆயிரம் பொறிகளைக் கட்டம் கட்டிய மாதிரி பரப்பினார்கள். ஹபு இருக்கிற காடு, செங்குத்தான மலை, வருடம் முழுக்க மழை. ஒவ்வொரு பொறியையும் யாராவது நடந்து போய்ப் பார்த்து, இரை மாற்றி, துருப்பிடித்ததைச் சரிசெய்து, எழுதிவைத்துக்கொண்டு வர வேண்டும். உயிரோடு பிடிக்கும் கூண்டுப் பொறியைத் தினமும் பார்த்தாக வேண்டும், உள்ளே முயலோ பறவையோ மாட்டியிருந்தால் விட்டுவிடலாம், ஆனால் தினமும் பார்க்க முடிகிற தூரத்துக்கு மேல் போக முடியாது. அதனால் தலையை நுழைத்ததும் கழுத்தை இறுக்கிக் கொன்றுவிடும் குழாய்ப் பொறிகளைக் கொண்டுவந்தார்கள், வாரக்கணக்கில் விட்டுவைக்கலாம். ஆனால் அதில் முள்ளெலியும் மாட்டிச் செத்தது. யாரைக் காப்பாற்றப் போனார்களோ அவர்களே சாவது எவ்வளவு வேதனை என்று நினைத்துப் பாருங்கள். பொறியின் அமைப்பை மாற்றினார்கள், எந்த இடத்தில் எந்தப் பொறி என்று பிரித்தார்கள். அப்படியும் இழப்பு முழுவதும் நின்றுவிடவில்லை. கொஞ்சம் முள்ளெலி சாகும், ஆனால் கீரி போனால் முள்ளெலிக் கூட்டமே பிழைக்கும் என்ற கணக்கை மனதைக் கல்லாக்கிக்கொண்டு போட்டார்கள், அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. கீரி குறையக் குறைய, பொறியில் தவறி விழும் முள்ளெலிகளின் எண்ணிக்கை கூடியது, ஏனென்றால் காட்டில் முள்ளெலி பெருகிக்கொண்டிருந்தது.

ஒரு பிராணியை அகற்றும் வேலையில் முதல் தொண்ணூறு சதவீதம் சுலபம். கடைசி நூறு கீரிகளுக்கு ஆன காலமும் உழைப்பும்தான் பெரிது. மிஞ்சுபவை பொறிக்குப் பிடி கொடுக்காதவை, அல்லது யாரும் போகாத பள்ளத்தாக்கில் இருப்பவை. கூட்டம் குறைந்துவிட்டதால் இரை தாராளமாகக் கிடைக்கிறது, பொறியில் வைத்த துண்டுக்கு ஏன் வரப்போகின்றன?

நியூசிலாந்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். அங்கே எலி, ஸ்டோட், பாஸம் என்று வெளியிலிருந்து வந்த பிராணிகளை 2050க்குள் நாடு முழுக்க அகற்றுவதாக 2016இல் அரசே அறிவித்திருக்கிறது, இந்தத் துறையில் அவர்கள்தான் முன்னோடிகள். ஆராய்ச்சியாளர்கள் கழுத்தில் சிக்னல் பட்டை கட்டிய ஒரே ஒரு எலியை, எலியே இல்லாத குட்டித் தீவு ஒன்றில் விட்டு, பிடிக்க எவ்வளவு நாளாகும் என்று பார்த்தார்கள். எல்லாப் பொறியும் வைத்தார்கள், நாய் கொண்டுவந்தார்கள். பத்து வாரம் ஆட்டம் காட்டிவிட்டு அந்த எலி 400 மீட்டர் கடலை நீந்தி இன்னொரு தீவுக்குப் போய்விட்டது, மொத்தம் 18 வாரம் கழித்துத்தான் மாட்டியது. சிக்னல் கட்டிய ஒரு எலிக்கே இந்தப் பாடு. 712 சதுர கிலோமீட்டர் காட்டில், எங்கே இருக்கிறது என்றே தெரியாத கடைசிக் கீரியை என்ன செய்வது?

அமாமியில் நாய்கள் வந்தது இந்தக் கட்டத்தில்தான். இரண்டு விதமாகப் பழக்கினார்கள், உயிரோடு இருக்கும் கீரியின் வாடையைப் பிடித்து வளைவரை போகிற நாய் ஒன்று, எச்சத்தை மட்டும் கண்டுபிடித்துச் சொல்கிற நாய் இன்னொன்று. ரோமம் ஒட்டிக்கொள்ளும் பசை நாடாக்களை வைத்தார்கள், காட்டுக்குள் தானியங்கி கேமராக்களை நூற்றுக்கணக்கில் பொருத்தினார்கள். 2018 ஏப்ரலில் ஒரு கீரி மாட்டியது. அதற்கப்புறம் மாட்டவே இல்லை. அடுத்த வருடமும் இல்லை, அதற்கடுத்த வருடமும் இல்லை. ஆனாலும் பொறிகளை எடுக்கவில்லை, நாய்கள் ஓய்வெடுக்கவில்லை. கீரி கிடைத்தால் இருக்கிறது என்று நிரூபணம் ஆகிவிடும், கிடைக்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடாதே. இவ்வளவு பொறி, இவ்வளவு நாள், இவ்வளவு கேமரா, இத்தனையிலும் படாமல் ஒரு கீரிக் கூட்டம் ஒளிந்திருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்கள். ஆறு வருடங்கள் கடந்து, அழிந்துவிட்டது என்பதற்கான நிகழ்தகவு 98 சதவீதத்தைத் தாண்டிய பிறகுதான் அந்த செப்டம்பர் அறிவிப்பு.

கொல்லாமல் வேறு வழியே இல்லையா என்ற கேள்வி எனக்கும் வந்தது, படிக்கிற உங்களுக்கும் வரும், வர வேண்டும். பிடித்து இந்தியாவுக்கே திருப்பி அனுப்பலாமா? பல தலைமுறை அங்கே வாழ்ந்து, என்னென்ன நோயைச் சுமக்கிறது என்று தெரியாத 10 ஆயிரம் கீரிகளை எந்த நாட்டுக் காடும் ஏற்காது, ஏற்கவும் கூடாது. கருத்தடை செய்து விட்டால்? அதற்கும் ஒவ்வொன்றையும் பிடித்தாக வேண்டும், விட்ட கீரி சாகும்வரை முயல்குட்டியைத் தின்றுகொண்டிருக்கும். வேலி? அதைத்தான் ஒகினாவாவில் செய்கிறார்கள். அது இன்னும் பெரிய தீவு, தெற்கில் நகரங்கள், கீரி எல்லா இடத்திலும். அங்கே யன்பரு என்ற வடக்குக் காட்டில் பறக்க முடியாத ஒரு நீர்க்கோழி இனம் இருக்கிறது, 1981இல்தான் அறிவியல் உலகுக்கே தெரிந்தது. கீரி வடக்கே நகர நகர அது சுருங்கி, 2005 வாக்கில் சுமார் 700 பறவைகளே மிஞ்சின. தீவின் குறுகலான இடத்தில் குறுக்கே வேலி போட்டு, வேலிக்கு வடக்கே கீரிகளைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். பறவை பெருகி வருகிறது. ஆனால் அந்த வேலைக்கு முடிவு கிடையாது, வேலிக்குத் தெற்கே கீரி இருக்கும்வரை வருடா வருடம் கொன்றுகொண்டே இருக்க வேண்டும். அமாமியில் கொன்றது 32 ஆயிரத்தோடு நின்றது.

கீரியின் மேல் ஒரு பிழையும் இல்லை. பசிக்குக் கிடைத்ததைத் தின்றது, அவ்வளவுதான். அந்தக் கதையில் வருகிற தாய் மாதிரிதான், தப்பு செய்தவர்கள் மனிதர்கள், அடிபட்டுச் செத்தது கீரி. எனக்கு இதில் சமாதானம் கிடைக்கவில்லை. ஆனால் கொல்லாமல் விட்டிருந்தால் இரண்டு நாளைக்கு ஒருமுறை மண்ணைத் திறந்து பால் கொடுக்க வருகிற அந்தத் தாய் முயல் உலகத்திலேயே இருக்காது என்பதும் தெரிகிறது. ஒரு தேர்வு செய்தே ஆக வேண்டிய இடத்துக்கு வந்துவிட்ட பிறகு அவர்கள் செய்ததைத்தான் நானும் செய்யச் சொல்லியிருப்பேன்.

அகற்றுவதிலும் வரிசை முக்கியம். நியூசிலாந்தின் ஹௌதுரு தீவில் 1980இல் பூனைகளை முழுக்க அகற்றினார்கள், கடற்பறவைகள் செழிக்கும் என்று காத்திருந்தார்கள். ஆனால் குக் பெட்ரல் என்ற பறவையின் குஞ்சுகள் முன்பைவிட அதிகமாகச் செத்தன. பூனை அடக்கி வைத்திருந்த எலி பெருகி, வளைக்குள் முட்டையைத் தின்றுகொண்டிருந்தது. 2004இல் எலியையும் அகற்றிய பிறகுதான் பறவை தலையெடுத்தது. அமாமியிலும் கீரி ஒன்றுதான் வெளியிலிருந்து வந்தது என்றில்லை, பூனை இருக்கிறது.

கீரி போனதும் காடு திரும்பி வந்த வேகம் எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது. 2003இல் அமாமித் தீவில் முயல்கள் 2,000த்திலிருந்து 4,800 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 2021 மதிப்பீட்டில் குறைந்தபட்சமே 10 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. முள்ளெலி, இஷிகாவா தவளை, எல்லாம் நாஸே பக்கத்துக் காடுகளில் மறுபடி தென்படுகின்றன. 2021 ஜூலையில் இந்தத் தீவுகளை யுனெஸ்கோ உலக இயற்கைப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

ஆனால் முயல் இப்போது சாலைக்கு வருகிறது. இரவில் வண்டியில் அடிபட்டுச் சாகிற முயல்கள் கூடிக்கொண்டே போகின்றன, மலைச் சாலைகளில் மெதுவாகப் போங்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள், சில சாலைகளில் இரவில் எத்தனை வண்டி போகலாம் என்று கட்டுப்பாடே இருக்கிறது. தான்கன் என்ற கமலா ஆரஞ்சு மரத்தின் பட்டையை முயல் கடித்துவிடுகிறது என்று விவசாயிகள் புகார் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பாதுகாக்கப்பட்ட பிராணியை விரட்டக்கூட யோசித்துத்தான் விரட்ட வேண்டும். காட்டுக்குள் திரியும் பூனைகள் முயலைத் தூக்கிப் போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. 2018இலிருந்து பூனைகளைப் பிடித்து, காப்பகத்தில் வைத்து, வளர்க்க ஆள் தேடும் திட்டம் ஒன்று நடக்கிறது. கீரிக்காகப் பேசாதவர்கள் பூனைக்காகப் பேசுகிறார்கள், விவாதம் சூடாகவே இருக்கிறது. பூனையை வளர்க்கிறவரிடமே அது வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது பொறி வைப்பதைவிடக் கடினமான வேலை.

ஹபுவும் இருக்கிறது, எப்போதும் போல. உயிரோடு பிடித்துக் கொடுத்தால் அரசாங்கம் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறது, கடிபட்டால் மாற்று மருந்து இருக்கிறது, இரவில் காட்டுப் பக்கம் போகிறவர்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்து நடக்கிறார்கள். பாம்பை மனிதர்கள் இப்படித்தான் சமாளிக்க முடிந்தது.

கேமராக்களை இன்னும் கழற்றவில்லை. ககோஷிமாவுக்கும் ஒகினாவாவுக்கும் இடையே ஓடுகிற பயணிகள் கப்பல் வழியில் ஒவ்வொரு தீவாக நின்று போகும், நாஸே துறைமுகத்திலும் நிற்கும், லாரிகளும் கொள்கலன்களும் இறங்கும். எதிர்த் திசையில் அந்தக் கப்பல் கிளம்பி வருவது நாஹாவிலிருந்து, 1910இல் வதாசே கீரிகளை இறக்கிய அதே ஊரிலிருந்து. அங்கே கீரி இன்னும் இருக்கிறது.